இறந்த பிறகு உறுப்பு கொடுக்க யார் சம்மதிக்கலாம்? மலையகக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மலையகத்தில் உறுப்பு தானம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது பயம். "கேட்காமல் வெட்டி எடுத்துவிடுவார்களா?" "எங்கள் சனத்துக்கு யார் பதில் சொல்வார்கள்?" இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆஸ்பத்திரியில் புரியாத மொழியில் பேசி, புரியாத தாளில் கையெழுத்து வாங்கிய அனுபவம் பல குடும்பங்களுக்கு உண்டு. அதனால் உறுப்பு கொடுங்கள் என்று கேட்பதற்கு முன்னால், யாருக்குச் சம்மதம் சொல்ல உரிமை இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்வதுதான் முறை. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். யாருடைய சம்மதம் செல்லும்?

முதல் உரிமை இறந்தவருக்கு. உயிரோடு இருக்கும்போது, புத்தி தெளிவாக இருக்கும்போது, "நான் போன பிறகு என் உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாம்" என்று வயது வந்த ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் சம்மதம். "வேண்டாம்" என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு கதை முடிந்தது. அவர் எதையுமே சொல்லாமல் போயிருந்தால் மட்டும் நெருங்கிய உறவினரிடம் கேள்வி வரும்.

இலங்கையில் இதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம். அந்தச் சட்டத்தின் அடிப்படை சம்மதம்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம் என்று ஒரு வைத்தியர் வேலையைத் தொடங்க முடியாது.

தமிழ்நாட்டு டிவியில் பார்க்கிறோமே, அதே சட்டம்தானா இங்கேயும்?

இல்லை. இந்தியாவில் நடப்பது 1994ஆம் ஆண்டின் சட்டம். தமிழ்நாட்டில் 2008இலிருந்து அரசே இதை ஒரு திட்டமாக நடத்துகிறது, தானம் செய்தவருக்கு அரச மரியாதையும் கொடுக்கிறார்கள். அதையெல்லாம் செய்தியில் பார்த்துவிட்டு, அங்கே இருக்கும் படிவத்தை போனில் இறக்கி நிரப்பி வைத்திருப்பவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். அந்தப் படிவத்துக்கு இலங்கை ஆஸ்பத்திரியில் பெறுமதி கிடையாது. ஒரே நன்மை, உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதை வீட்டாருக்கு அது காட்டும்.

அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஏன் குடும்பத்திடம் கேட்கிறார்கள்?

பலரும் குழம்பும் இடம் இதுதான். சட்டத்தின் கண்ணில் இறந்தவரின் எழுத்து பெரியது. ஆனால் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களை யோசித்துப் பாருங்கள். மனைவி தரையில் உட்கார்ந்து அழுகிறார். பிள்ளைகள் பேச்சற்று நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் போய், "உங்கள் புருஷன் எழுதிக் கொடுத்திருக்கிறார், நாங்கள் எடுக்கிறோம்" என்று எந்த வைத்தியரும் செய்யமாட்டார். செய்யவும் கூடாது என்பது என் எண்ணம். குடும்பம் முழுமனதோடு நிற்காவிட்டால் நடைமுறையில் அந்தத் தானம் நடப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இறந்தவருக்கு என்ன நோய் இருந்தது, என்ன மருந்து எடுத்தார், கடைசியாக மனதை மாற்றிக்கொண்டாரா என்பதெல்லாம் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

ஆகவே, கையெழுத்துப் போட்ட அட்டையைப் பணப்பையில் மடித்து வைத்துவிட்டு வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருப்பவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். அட்டை பணப்பையிலேயே கிடக்கும். மனைவி "எனக்குத் தெரியாதே, எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று மறுப்பார். அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

எழுதவில்லை. ஆனால் வாயால் பலமுறை சொல்லியிருக்கிறார். அது போதுமா?

வாயால் சொன்னது வீண் போகாது. எழுத்து இல்லாதபோது உறவினர்தானே முடிவெடுக்கிறார்? அவருக்கு வழி காட்டுவது அந்தப் பேச்சுதான். "அப்பா உயிரோடு இருக்கும்போது இப்படித்தான் சொன்னார்" என்று பிள்ளை சொல்லும்போது அந்தக் குடும்பத்தின் பாரம் பாதி குறைந்துவிடுகிறது. தாங்களே முடிவெடுத்தோம் என்ற உறுத்தல் இல்லை, அவர் சொன்னதைச் செய்தோம் என்ற நிம்மதி இருக்கிறது.

ஆனாலும் எழுதிவிடுவது நல்லது. ஒரு மகன் கேட்டதை இன்னொரு மகன் கேட்டிருக்கமாட்டான்.

நெருங்கிய உறவினர் என்றால் யார் யார்?

வழக்கமாக ஆஸ்பத்திரியில் முதலில் தேடுவது கணவனை அல்லது மனைவியை. அவர் இல்லாவிட்டால் வயது வந்த பிள்ளைகள். கல்யாணமாகாதவர் என்றால் தாய் தகப்பன். அவர்களும் இல்லாவிட்டால் கூடப்பிறந்த வயது வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று போகும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு மாதிரி. சாவு வீட்டில் முன்னால் நிற்பவர் தாய்மாமன். பேசுபவர் பெரியப்பா. இறந்தவரின் மனைவி பின்னால் ஒரு மூலையில் இருப்பார். வைத்தியர் கேட்கும்போதும் மாமாவே பதில் சொல்லிவிடுவார். சம்மதம் சொன்னாலும் மறுத்தாலும் அது மாமாவின் வாயிலிருந்துதான் வரும். இது சரியல்ல. மாமா பக்கத்தில் இருக்கட்டும், தைரியம் சொல்லட்டும். ஆனால் கேள்வி அந்தப் பெண்ணுக்கு உரியது. கொழுந்து பறித்து, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவருக்குத் தன் புருஷனின் உடலைப் பற்றிப் பேச உரிமை இல்லையா?

எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதியவில்லை. நான் மனைவியாகக் கணக்கில் வருவேனா?

தோட்டங்களில் இந்தக் கேள்வி நிறையப் பேருக்கு உண்டு, கேட்க வெட்கப்படுவார்கள். இலங்கையில் பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு, பதிவுதான் திருமணத்துக்கு மிகச் சிறந்த சான்று. ஆனால் பதியாத ஒரே காரணத்தால் அது திருமணமே இல்லை என்று ஆகிவிடாது. வழக்கப்படி தாலி கட்டி, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மலையகத் தமிழர்களுக்குப் பொருந்துவது இந்தப் பொதுச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையோ, கண்டியச் சட்டமோ இவர்களுக்கு இல்லை. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு.

ஆனால் ஆஸ்பத்திரியில் நடுராத்திரியில் வழக்குப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அங்கே கேட்பது தாள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் இருந்தால் உதவும். கிராம உத்தியோகத்தரின் கடிதம் உதவும். அதைவிடச் சுலபமான வழி, இருவரும் உயிரோடு சுகமாக இருக்கும்போதே போய்ப் பதிந்துவிடுவது. உறுப்பு தானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஈபிஎஃப் காசுக்கும், வீட்டுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் அதே தாள்தான் வேண்டும்.

பிரிந்து வாழ்கிறார்கள். யாரிடம் கேட்பார்கள்?

விவாகரத்து ஆகிவிட்டால் அவர் கணவனும் இல்லை, மனைவியும் இல்லை. வெறுமனே பிரிந்து வாழ்ந்தால் தாளில் இன்னும் மனைவிதான். இப்படியான வீடுகளில் வைத்தியர்கள் பிள்ளைகளையும் தாய் தகப்பனையும் சேர்த்து உட்காரவைத்துத்தான் பேசுவார்கள். உங்கள் வீடு இப்படி என்றால், எழுதி வைப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட அவசியம்.

மகள் குவைத்தில், மகன் கொழும்பில் கடையில். அவர்கள் வரும்வரை காத்திருக்க முடியுமா?

முழுதாகக் காத்திருக்க முடியாது. மூளைச்சாவு, அதாவது மூளை முழுதாகச் செத்து இயந்திரத்தால் மட்டும் மூச்சு ஓடும் நிலை, வந்த உடலை அதிக நேரம் நிலையாக வைத்திருக்க முடியாது. எடுத்த பிறகும் இதயத்துக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம்தான். ஈரல் பன்னிரண்டு மணி நேரம் அளவில் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும்.

அதனால் போனில் பேசுங்கள். வீடியோ கோலில் வைத்தியரையே பேச வைக்கலாம், கேட்டால் செய்வார்கள். கையெழுத்து அங்கே நிற்கும் நெருங்கிய உறவினருடையது. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் சொல்லாமல் முடிவெடுத்தால், அவள் ஊர் திரும்பியதும் "என்னைக் கேட்காமல் அப்பாவை அறுத்துக் கொடுத்துவிட்டீர்கள்" என்ற பேச்சு வரும். அந்தக் காயம் வருடக்கணக்கில் ஆறாது. ஒரு கோல் எடுப்பதில் எதுவும் கெட்டுவிடாது.

ஒருவர் சரி என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார். என்ன நடக்கும்?

நடைமுறையில் நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நேரம் கொடுப்பார்கள், மறுபடி பேசுவார்கள். குடும்பம் ஒன்றுபடாவிட்டால் அதோடு விட்டுவிடுவார்கள். வாக்கெடுப்பு வைத்து முடிவெடுக்கும் விஷயமல்ல இது.

தோட்டத்துரை, தலைவர், பூசாரி, பாதர் இவர்களுக்கு உரிமை உண்டா?

கிடையாது. தோட்டத்தில் ஒரு சாவு நடந்தால் மரணத்தைப் பதிய நிர்வாகத்தின் அறிக்கை போகிறது. குழி வெட்டத் தோட்டத்து நிலம் வேண்டும். பெட்டிக்கும் லொறிக்கும் தலைவரிடம்தான் போகிறோம். இதனால் எல்லாவற்றுக்கும் அவர்கள் அனுமதி வேண்டும் என்ற பழக்கம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. உடலுறுப்பு விஷயத்தில் அவர்கள் வாய் திறக்க இடமில்லை. ஆறுதல் சொல்லலாம், மொழிபெயர்த்துச் சொல்லலாம், வாகனம் பிடித்துத் தரலாம்.

அதேபோல அற்றோர்ணித் தத்துவம் வைத்திருப்பவருக்கும் உரிமை இல்லை. ஒருவர் இறந்த அந்தக் கணமே அந்தத் தத்துவம் செல்லுபடியாகாமல் போகிறது. காணி விற்கவும் பென்ஷன் எடுக்கவும் கொடுத்த அதிகாரம் உடல்மேல் நீளாது.

பிள்ளைகள் இறந்தால்?

வயது வராத பிள்ளைக்காகத் தாய் தகப்பன்தான் முடிவெடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கருத்தரங்கு நடத்தி, ஆர்வத்தில் பிள்ளை ஒரு படிவம் நிரப்பியிருந்தாலும் அது சட்டப்படி சம்மதமாகாது. தாயும் தகப்பனும் இருவரும் இருந்தால் இருவரையும் கேட்பதுதான் முறை. இதைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. பெற்றவர்கள் மறுத்தால் யாரும் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

தம்பி ஐசியூவில் இருக்கிறான். நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. ஆனால் செத்துவிட்டான் என்கிறார்கள். எப்படி நம்புவது?

உறுப்பு தானத்தில் மிகக் கடினமான கேள்வி இது. நம்ப முடியாமல் போவது இயல்பு.

தலையில் பலமான அடி, மூளைக்குள் இரத்தக் கசிவு, இப்படி எதனாலாவது மூளை வீங்கி, அதற்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. மூளை முழுதும் செத்துவிடுகிறது. மூச்சு விடச் சொல்லும் பகுதியும் அதில் அடக்கம். ஆனால் இயந்திரம் காற்றை உள்ளே தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. ஒட்சிசன் கிடைப்பதால் இதயம் தானாகத் துடிக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது. இயந்திரத்தைக் கழற்றினால் ஒரு மூச்சுகூடத் தானாக வராது. கோமா வேறு. கோமாவில் இருப்பவரின் மூளைக்கு உயிர் இருக்கிறது, சிலர் எழுந்தும் வருகிறார்கள். மூளைச்சாவு வந்தவர் யாரும் எழுந்து வந்ததில்லை. இலங்கைச் சட்டமும் இப்படி மூளை முழுதாக, திரும்பாதபடி நின்றுபோவதை மரணமாக ஏற்கிறது.

அதை முடிவு செய்யச் சோதனைகள் உண்டு. கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பது, கண்ணின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்ப்பது, காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டுப் பார்ப்பது, தொண்டையில் குழாய் விடும்போது இருமல் வருகிறதா என்று பார்ப்பது. கடைசியாக இயந்திரத்தின் மூச்சை நிறுத்திவிட்டு, ஒட்சிசன் மட்டும் கொடுத்து, தானாக மூச்சு எடுக்கிறாரா என்று பார்ப்பது. இவற்றை ஒரு தடவை செய்துவிட்டு விடுவதில்லை, திரும்பவும் செய்வார்கள். சோதிக்கும் வைத்தியர்கள் உறுப்பு மாற்றும் குழுவில் இருக்கக் கூடாது.

சோதனைக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. உடல் குளிர்ந்திருக்கக் கூடாது. மயக்க மருந்து உடம்பில் மிச்சம் இருக்கக் கூடாது. பூச்சிமருந்து குடித்தவர்களுக்கும் சில பாம்புகள் தீண்டியவர்களுக்கும் மூளைச்சாவு போலவே ஒரு நிலை வரலாம், அது திரும்பக்கூடியது. தோட்டப்புறத்தில் இதெல்லாம் நடக்கிற விஷயம் என்பதால், உங்கள் ஆளுக்கு அப்படி ஏதும் நடந்திருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் சிகிச்சைக்கும் கெடுதல்.

நம்பிக்கை வரவில்லையா? "சோதனை செய்யும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?" என்று கேளுங்கள். "யார் சோதித்தது, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை.

வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு வைத்தியத்தைக் குறைப்பார்களா?

கூடாது. மறுப்பதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை. உங்கள் ஆளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்து, மரணம் உறுதியான பிறகுதான் இந்தக் கேள்வியே வர வேண்டும். அதற்கு முன்னால் யாராவது பேச்செடுத்தால், அந்த வாட்டின் விசேட வைத்திய நிபுணரிடம் நேராகப் போய்க் கேளுங்கள்.

விபத்து, குளவிக்கொட்டு, மண்சரிவு, தற்கொலை என்றால் பொலிஸ் கேஸ் ஆச்சே?

ஆமாம். இயற்கையல்லாத மரணத்துக்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி விசாரணை நடக்க வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி அல்லது நீதவான் வருவார். பிரேத பரிசோதனை தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரி செய்வார். இப்படியான மரணத்தில் குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதாது. சாட்சியம் கெட்டுப்போகாமல் இருக்க அவர்களும் தடையில்லை என்று சொல்ல வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது: அவர்களின் அனுமதி குடும்பத்தின் சம்மதத்துக்கு மேலதிகமானது, அதற்குப் பதிலானது அல்ல. நீதவான் தடையில்லை என்றுவிட்டார் என்பதற்காகக் குடும்பத்தைக் கேட்காமல் விட முடியாது. பிரேத பரிசோதனையையும் உறுப்பு தானத்தையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பிரேத பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை, அது சட்டத்தின் கட்டளை. உறுப்பு எடுத்து இன்னொருவருக்கு வைப்பது வேறு விஷயம்.

படிவம் சிங்களத்தில் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். புரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது.

இந்த உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த அதே 1987இல்தான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் வந்தது. தமிழும் அரச கரும மொழி என்று அதில் எழுதப்பட்டது. அத்தனை வருடங்கள் கழிந்தும், மலையகத்து ஆஸ்பத்திரி வாட்டுகளில் தமிழ் தெரிந்த ஒரு மிஸ்ஸியை (தாதியை) தேடி ஓட வேண்டியிருப்பது பெரிய அநியாயம். ஒரு தாய் தன் மகனின் இதயத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய நேரத்தில், என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் நிற்பதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

"தமிழில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாட்டுத் தொழிலாளி ஒருவர் அவசரமாக "கண் எடுக்கப் போறாங்களாம், போடுங்க" என்று சொல்வது மொழிபெயர்ப்பு ஆகாது. எந்தெந்த உறுப்பு, எதற்காக, எப்போது, உடல் எப்போது கிடைக்கும் என்ற நாலும் உங்களுக்குப் புரிய வேண்டும். ஒரு உறுப்புக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லவும் முடியும். சிறுநீரகம் கொடுத்து, கண் வேண்டாம் என்ற குடும்பங்கள் உண்டு.

அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அடையாள அட்டையிலும் பெயர் பிழை.

கைநாட்டு வைக்கலாம். அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துச் சொல்லி, சாட்சிகளுக்கு முன்னால் வைக்க வேண்டும். பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் இருப்பது நம் சனத்துக்குப் புதிதல்ல. கிராம உத்தியோகத்தர் உறவை உறுதிப்படுத்தினால் சமாளிக்கலாம். ஆனால் அதற்கு நேரம் போகும்.

காசு கிடைக்குமா? புரோக்கர் ஒருவர் வந்தார்.

கிடைக்காது. வாங்குவதும் விற்பதும் குற்றம். இறந்தவரின் உறுப்புக்கு மட்டுமல்ல, உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்துக்கும் அப்படித்தான். கடனில் தவிக்கும் குடும்பங்களைத் தேடி வரும் புரோக்கர்கள் சொல்வதை நம்பி இறங்கினால், உடம்பும் போகும், சொன்ன காசும் வராது, வழக்கும் வரும். ஆஸ்பத்திரிக்குள் யாராவது காசு பேச்செடுத்தால் அந்த இடத்திலேயே மறுத்துவிட்டுப் பணிப்பாளரிடம் போங்கள்.

வீட்டில், லயத்தில் இறந்தவரிடமிருந்து எடுக்க முடியுமா?

இதயம், ஈரல், சிறுநீரகம் முடியாது. அவற்றுக்கு ஐசியூவில், இயந்திரத்தில் இருக்கும்போதே மரணம் உறுதியாக வேண்டும். ஆனால் கண் கொடுக்கலாம். நம் பக்கம் அதிகம் பேர் செய்யக்கூடியது கண்தானம்தான்.

கண்தானத்தில் இந்த நாட்டுக்கு ஒரு பெரிய பெயர் இருக்கிறது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1960இல் தன் தாய் இறந்தபோது அவர் கண்களைக் கொடுத்தார். அடுத்த வருடம் இலங்கைக் கண்தானச் சங்கம் தொடங்கியது. அங்கிருந்து உலகத்தின் பல நாடுகளுக்குக் கண்கள் போயிருக்கின்றன. முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன 1996இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி அவருடைய கண் ஜப்பானுக்குப் போனது. அவர் என்ன விரும்பினார் என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசி நேரத்தில் யாரும் தடுமாறவில்லை.

கண்ணுக்கு நேரம் முக்கியம். மரணத்துக்குப் பிறகு சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பொகவந்தலாவையிலோ பசறையிலோ ஒரு மலைமேல் டிவிசனில் இரவில் சாவு நடந்தால், ஆள் வந்து சேர்வதே சவால். அதனால் சாவு நடந்த உடனே, மேளத்துக்கும் பெட்டிக்கும் சொல்வதற்கு முன்னால், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அறிவியுங்கள். இமைகளை மூடி, மேலே நனைத்த பஞ்சு வையுங்கள். தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நேரே காற்றுப் படும் மின்விசிறியை நிறுத்துங்கள். கண்ணாடி போட்டவர், கற்றரக்ட் ஆபரேஷன் செய்தவர் கண்ணும் பயன்படும். விசர்நாய்க்கடி நோய், எச்ஐவி, ஈரல் அழற்சி, இரத்தப் புற்றுநோய் இருந்தால் எடுக்கமாட்டார்கள்.

சம்மத விதி இங்கேயும் அதேதான். அவர் எழுதியிருந்தால் அது. இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர்.

முழு உடலையும் மருத்துவ பீடத்துக்குக் கொடுக்க?

அது வேறு வழி. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் போன்ற இடங்களில் உயிரோடு இருக்கும்போதே படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். பிரேத பரிசோதனை செய்த உடலையும், தொற்றுநோய் உள்ள உடலையும் பொதுவாக ஏற்பதில்லை. முழு உடலைக் கொடுத்தால் வீட்டில் குழிக்கு வைக்க எதுவும் இருக்காது என்பதையும் குடும்பம் யோசித்துக்கொள்ள வேண்டும்.

சமயம் தடுக்கிறதா?

சட்டத்தில் சமயம் இல்லை, மனதில் இருக்கிறது. சிவனுக்கே தன் கண்ணைக் கொடுத்த கண்ணப்பரைக் கும்பிடுகிற சனம், கண் போனால் மேலுலகத்தில் வழி தெரியாது என்று பயப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கத்தோலிக்கர்களுக்கு, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000 ஆகஸ்டில் ரோமில் உறுப்பு மாற்று வைத்தியர்களிடம் பேசும்போது இதை அன்பின் செயல் என்று ஆதரித்தார், விற்பதைக் கண்டித்தார். முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

உடல் எப்படித் திரும்பி வரும்?

ஆபரேஷன் தியேட்டரில் சத்திரசிகிச்சை செய்வது போலவே செய்து, தைத்து, துடைத்துத் தருவார்கள். சட்டை போட்டால் எதுவும் தெரியாது. கண் எடுத்தாலும் இமை மூடியிருக்கும், முகம் கெடாது. மருந்தேற்றலாம், பெட்டியைத் திறந்து வைக்கலாம், நீர்மாலை எடுக்கலாம், நெய்ப்பந்தம் பிடிக்கலாம். சில மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். யாருக்கு வைத்தார்கள் என்று வழக்கமாகச் சொல்லமாட்டார்கள்.

இதெல்லாம் நம் பக்கம் நடக்கிறதா, கொழும்பில் மட்டுமா?

இலங்கையின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017 ஜூலையில் நடந்தது கண்டி ஆஸ்பத்திரியில். யாரோ ஒரு குடும்பம் சரி என்று சொன்னதால் நடந்தது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் எத்தனையோ பேர் வாடுகிறார்கள். கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்த பிறகு மனம் மாறினால்?

எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அட்டையைக் கிழித்துவிட்டு, கொடுத்த இடத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். வீட்டாரிடமும் சொல்லுங்கள். அவர்களுக்குப் பழைய விருப்பம் மட்டும் தெரிந்திருந்தால் அதன்படியே நடந்துவிடுவார்கள்.

சரி, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? மரண சாசனத்தில் எழுதலாமா?

மரண சாசனத்தில் மட்டும் எழுதாதீர்கள். அதைப் பிரித்துப் பார்ப்பது கருமாதி எல்லாம் முடிந்த பிறகுதான். தனியாக ஒரு தாளில் உங்கள் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த உறுப்புகள், திகதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள் என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரியிலோ கண்தானச் சங்கத்திலோ படிவம் வாங்கி நிரப்புங்கள். ஒரு பிரதி அடையாள அட்டையோடு, ஒரு பிரதி வீட்டில் சான்றிதழ்கள் வைக்கும் பெட்டியில். உங்களுக்காகக் கையெழுத்துப் போடப்போகும் ஆள் யார் என்று யோசித்து, அவரை உட்காரவைத்து நேரில் சொல்லுங்கள். உங்கள் டிவிசனில் மரண உதவிச் சங்கம் இருந்தால் அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு விஷயமாக எடுக்கச் சொல்லுங்கள். யார் யார் கண் கொடுக்க விரும்புகிறார்கள், சாவு நடந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு யார் போன் பண்ணுவது என்பதைச் சங்கத்துப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். பெட்டிக்கும் பந்தலுக்கும் ஆள் நியமிக்கிற மாதிரி இதற்கும் ஒருவரை நியமித்துவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்குச் சாவு நடந்தாலும் போன் எடுக்க ஒருவர் இருப்பார்.